செயப்பாட்டு வினை

மூன்றாம் வாரத்திலும்
வகுப்பு எனக்குச் சொந்தமில்லை.
மேசை மிஸிஸ் லெஹ்டினனுடையது.
மேசையிலுள்ள கள்ளிச்செடியும் அவருடையது.
என் கோப்பிக்கு ஜன்னல் விளிம்பு.
பரமலிங்கம் என்ற பெயரில் ஏறியவர்கள்
முதலெழுத்திலேயே இறங்கிக்கொண்டார்கள்.
நான் மிஸ் பி.

தண்டர் பே. பெப்ரவரி. கழித்தல் இருபத்தேழு.
மூக்கு மயிர் உறையும் காலையில்
பஸ்ஸில் நின்றபடி பாடத்திட்டம் மனனம்:
முன்னுரை எட்டு நிமிடம்,
சோடி வேலை பன்னிரண்டு நிமிடம்,
சிரிப்புக்கு இரண்டு. பகிடியையும் எழுதி வைத்திருந்தேன்.
ஒருத்தரும் சிரிக்கவில்லை.
அந்த இரண்டு நிமிடத்தையும்
ரேடியேட்டர் தட்டித் தட்டி எடுத்துக்கொண்டது.

பத்தாம் வகுப்பு, இரண்டாம் பாடவேளை, ஆங்கிலம்.
செய்வினை உயிருள்ளது என்று பலகையில் எழுதினேன்.
யார் செய்தது என்று சொல்லாத வாக்கியம்
கோழை வாக்கியம் என்றேன்.
கோழை என்பது திட்டத்தில் இல்லை.
பின்வரிசை நிமிர்ந்து பார்த்ததில் வந்த துணிச்சல் அது.
"ஜன்னல் உடைக்கப்பட்டது. யார் உடைத்தது?"
"கைலர்!" என்றது முழு வகுப்பும்.
கைலர் எழுந்து தலை வணங்கினான்.
மிஸிஸ் லெஹ்டினன் படிவத்தில்
எதற்கோ சரி போட்டார்.

அன்றிரவு இருபத்தாறு தாள், ஒரு சிவப்புப் பேனை.
'இந்த வாரம்' என்பது தலைப்பு.
டாரியன் ஒரே ஒரு வரி எழுதியிருந்தான்:
எனது பனிச்சப்பாத்துகள் களவாடப்பட்டன.
எழுத்து சரி. காலம் சரி.
முற்றுப்புள்ளி தாளைத் துளைத்திருந்தது.
ஓரத்தில் எழுதினேன்: யார்? செய்வினையாக மாற்றுக.
பத்துக்கு நாலு.

மறுநாள் தாளை வாங்கிப் பார்த்தான்.
வகுப்புக் கலையும்வரை பேசவில்லை.
பிறகு கதவடியில் வந்து நின்று
"ஆரெண்டு தெரிஞ்சிருந்தா
சப்பாத்து என்னட்ட இருந்திருக்கும், மிஸ்."
கோபமில்லை. நேரம் கேட்டால் சொல்வது போல.

அப்போதுதான் கீழே பார்த்தேன்.
துணியாலான ஓட்டச் சப்பாத்து.
முன்னால் தெரு உப்புப் பூத்து வெள்ளை.
அவன் நடந்து வந்த வழியெல்லாம் தண்ணீர்.
விமானம் மட்டும் போகிற ஊரொன்றிலிருந்து
பள்ளிக்கூடத்துக்காக இங்கே வந்து
ஆரோ ஒருவர் வீட்டு நிலக்கீழ் அறையில் இருப்பவன்.
பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று
நான் கேட்டதில்லை.
நாலு நாளாக அந்த வாக்கியம்
மூன்றாம் வரிசையில் ஈரக் காலோடு
எனக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தது.
நான் கழுத்துக்கு மேலேதான் படிப்பித்திருக்கிறேன்.

வீடு திரும்பும் பஸ்ஸில் யோசித்தேன்:
தமிழ் வினைமுற்றின் வாலிலேயே ஆள் இருப்பான்.
எடுத்தான், எடுத்தாள், எடுத்தார்கள்.
ஆள் தெரியாவிட்டாலும்
ஆரோ என்று ஒருவரைப் பிடித்து
வாக்கியத்தின் தலையில் நிறுத்திவிடுவோம்.
டாரியன் அதைக்கூடச் செய்யவில்லை.
ஒருவரையும் சந்தேகிக்கவில்லை அவன்.
அதற்கு ஆறு புள்ளி வெட்டியிருந்தேன்.

ஆசிரியர் அறையில் சொன்னபோது
மிஸிஸ் லெஹ்டினன் சூப்பைக் கிண்டியபடி
"எத்தனையாம் அளவு?" என்று மட்டும் கேட்டார்.
தெரியாது என்றேன்.
அதையும் நான் கேட்டிருக்கவில்லை.
அன்றைய படிவத்தில்
குரல் நன்று, நேரம் கவனிக்க.
ஒரு கட்டம் நிரப்பப்படாமல் இருந்தது.
எது என்று இங்கே எழுத மாட்டேன்.

திங்கட்கிழமை அவன் எழுதியது மூன்று வரி.
எனது லாக்கருக்குள் பனிச்சப்பாத்துகள் வைக்கப்பட்டிருந்தன.
அவை ஒரு அளவு பெரியவை.
இரண்டு சோடி காலுறை போட்டால் பரவாயில்லை.

யார்? என்று கேட்கப் பேனை தானாக எழும்பியது.
கள்ளிச்செடிக்குப் பின்னால்
மிஸிஸ் லெஹ்டினன் வரவு பதிந்துகொண்டிருந்தார்.
தலை நிமிரவில்லை.

லாக்கரில் ஒரு எழுத்துப் பிழை.
அதை மட்டும் திருத்தினேன்.