இரண்டு பக்கமும் மருந்து

வீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினால்
பாதி மலையில் கை நடுங்கும்.
தோட்டத்துக்குப் போய்ப் போட்டால்
அரைமணி காத்திருந்து சாப்பிடக்
கங்காணி விடமாட்டார்.
அதனால் என் நேரம் கடைசி வளைவு.
செல்லக்காமு ஜீப்பை ஓரங்கட்டி
ரேடியேட்டருக்குத் தண்ணீர் காட்டுகிற ஐந்து நிமிடம்.

பாறைக்குப் பின்னால் நின்று
புட்டியை உள்ளங்கைக்குள் உருட்டுவேன்.
குலுக்கக் கூடாது, உருட்டணும்:
கம்பம் ஆஸ்பத்திரி நர்ஸம்மா மூன்று முறை சொன்னது.
அரிசி களைந்த தண்ணீர் போலக் கலங்கும்.
பதினெட்டுக் கோடு.
நேற்று வலது, இன்று இடது,
தொப்புளுக்கு நாலு விரல் தள்ளி.
அங்கிருந்து ஏலத்தோட்டத்துக் கொட்டகை
இருபத்தைந்து நிமிடம்.
இறங்கியதும் தூக்கைத் திறப்பேன்.

ஆறு வருஷமாக இந்தக் கணக்கு
பிசகியதே இல்லை என்று சொல்லமாட்டேன்.
பிசகினால் முந்தியில் கருப்பட்டித் துண்டு இருக்கும்.
புதன்கிழமை அதைக் குருவம்மா பிள்ளைக்குக் கொடுத்தேன்.
வேறு துண்டு முடிய மறந்துபோச்சு.

வியாழன்
மேட்டுச் சாவடியில் கட்டை இறங்கியிருந்தது.
ஏலக்காய் பறிக்கப் போகிறவர்களோடு
கஞ்சா ஏறுகிறதென்று யாரோ துப்பு.
பதினாறு பெண்கள்.
தூக்குச்சட்டி, கொங்காணி, வெற்றிலைப்பை
எல்லாம் மேசைக்குப் போயிற்று.
என் பையிலிருந்து ஊசி வந்தது.

இது எந்தா?
மருந்து என்றேன்.
மருந்து, என்றான் அவனும்,
அடுத்தவனைப் பார்த்து.
இரண்டு பக்கமும் அதே சொல்தான்.
அவர்கள் தேடி நின்றதும் அதைத்தான்.

மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது.
எல்லாரும் முக்காடு இழுத்துக்கொண்டார்கள்.
எனக்கு மட்டும் ரவிக்கை முதுகோடு ஒட்டிற்று.
உதட்டில் எறும்பு ஊர்கிற மாதிரி.
என் தூக்கு அங்கே, கைக்கு எட்டும் தூரத்தில்,
உள்ளே கேப்பைக்களியும் கருவாடும்.
கை நீட்டினேன்.
தொடண்டா, என்றான்.

பதிவேட்டில் எழுதப் பேர் கேட்டான்.
பவுன்தாய் என்று முழுசாக வரவில்லை,
பவுன் மட்டும் வந்தது.
பவனோ? எத்ர பவன்?
கஞ்சா தேடியவனுக்குத் தங்கம் கிடைத்த முகம்.
மொக்கத்தாய் சிரித்தே விட்டாள்.
நானும் சிரித்தேன் என்கிறார்கள்.
எனக்கு ஞாபகமில்லை.

பிறகு இளையவன் ஒருவன்
(ஸிபி என்று சட்டையில் இருந்ததாகக் குருவம்மா சொல்கிறாள்,
அவளுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது)
புட்டியை மூக்கருகே கொண்டுபோனான்.
அந்த வாடை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ,
கழுவிய ஆஸ்பத்திரித் தரை மாதிரி.
தெரிந்த வீட்டில் ஒரு தரம் பிடித்தால் மறக்காது.
அவன் முகம் மாறியது.
அம்மச்சிக்கும் உண்டு, என்றான்,
யாரிடமும் சொல்லாமல்.

கட்டன் சாயா.
சர்க்கரையை அவனே போட்டான்,
ஒரு கரண்டி, இரண்டு, மூன்று.
மதியோ?
இருபது வருஷம் மலை ஏறியதில்
அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும்.
இல்லை என்று தலையாட்டினேன்.
நாலு, ஐந்து.
ஆறு வருஷமாக நான் விலக்கிவைத்தது
தொண்டை வழியே சுடச்சுட இறங்கியது.
கட்டையின் வெள்ளையும் சிவப்பும்
மெல்லத் தனித்தனியாகப் பிரிந்தன.

கஞ்சா எதுவும் கிடைக்கவில்லை.
அன்றைக்குப் பதினாறு பேருக்கும் அரைநாள் கூலி.
செல்லக்காமு இறங்கும்போது சொன்னான்,
உன் சர்க்கரை எல்லாரையும் கடிச்சுப்போட்டுதே அக்கா.

இப்போது வளைவில் போடுவதில்லை.
கட்டை தூக்கி, சாவடி தாண்டி,
முதல் மிளகுக்கொடி தெரிகிற இடத்தில்,
ஓடுகிற ஜீப்பில்,
மொக்கத்தாய் என் தோளைப் பிடித்துக்கொள்ள.
தூக்கு என் மடியில்.
முந்தியில் இரண்டு துண்டு.

மாதக்கடைசியில் நோட்டைக் காட்டணும்.
சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின்
என்று கோடு போட்டுத் தந்திருக்கிறார்கள்.
வியாழனை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியாமல்
ஓரத்தில் எழுதினேன்:
மேட்டில். நாற்பது நிமிஷம்.
ஐந்து கரண்டி.