குறுக்கே ஒரு கால்

முதலில் போனது வாசனை.
பாலேக் பூலாவில் ஆ செங் டுரியானைப் பிளந்து நீட்டினான்.
மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு
"காசு கொடுத்துக் காற்றை வாங்கவா?" என்றாள் புனிதவதி.
நானும் ஆ செங்கும் சிரித்தோம்.
அது ஆறு வருஷத்துக்கு முன்.

பிறகு தூக்கத்தில் உதைத்தாள்.
கனவில் நாய் துரத்தியதாம்.
நாய்க்கு விழவேண்டியது
ஒரு வாரம் என் விலாவில் நீலமாய்க் கிடந்தது.

பிறகு எழுத்து.
குவீன் ஸ்ட்ரீட் ஜவுளிக்கடையில்
இருபத்திரண்டு வருஷம் கணக்கெழுதிய கை.
சாமான் சீட்டில் கடுகு என்று தொடங்கி
வெந்தயத்துக்கு வருவதற்குள்
வெந்தயத்தைவிடச் சின்னதாகிவிட்டது.
பேங்கில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்றார்கள்.
அடையாள அட்டையை நீட்டினாள்.
அந்தப் படத்தில்கூட
அன்றைக்கு இருந்ததைவிட முகபாவம் இருந்தது.

முப்பத்தொரு வருஷம்
வீடு வீடாய் மின்மீட்டர் படித்தவன் நான்.
நாய் குரைக்கிற கேட்டுக்கு வெளியே நின்றே
எண்ணைச் சொல்லிவிடுவேன்.
என் வீட்டில்
அசையாத முகத்தைக் கோபம் என்று படித்தேன்.
பதிலுக்கு இரண்டு மாதம் கோபமாய் இருந்தேன்.
இன்னும் அதை அவளிடம் சொல்லவில்லை.

மூளையின் அடியில் கறுத்த சின்ன இடம் ஒன்று
வெளுத்துக்கொண்டே வருகிறது என்றார்
ஜெனரல் ஆஸ்பத்திரி டாக்டர்.
கால் நன்றாகத்தான் இருக்கிறது,
காலுக்குப் போகிற சொல்தான்
வழியில் நின்றுவிடுகிறது.
கை நடுங்கவே இல்லையே என்றேன்.
எல்லோருக்கும் நடுங்காது.
போகப்போகக் கூடும்.
மாத்திரை மறைக்கும், நிறுத்தாது.

ஏழு, பதினொன்று, மூன்று, மறுபடி ஏழு.
ஏறினால் என் புனிதவதி.
இறங்கினால்
பால் கரண்டியோடு அடுப்படியில் நிற்கும் ஒரு தூண்.

ஜெலுத்தோங் பிளாட், பதினோராம் மாடி.
லிஃப்ட் திறக்கும்.
வாசலில் ஒரு விரற்கடை இடைவெளி,
பாதம் தரையோடு ஒட்டிவிடும்.
கதவு மூடும், திறக்கும், மூட வரும்.
உள்ளே ஒரு மலாய்ப் பையன் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி
"பெலான் பெலான், ஆன்டி" என்பான்.
நல்ல பையன்.
மெதுவேதான் அவளுக்கு வியாதி என்று
அவனுக்கு எப்படித் தெரியும்?

ஒரு ஞாயிறு, சூலியா ஸ்ட்ரீட்.
மழைக்கு ஐந்தடிப் பாதையில் ஒதுங்கினோம்.
பழைய கடைகளின் முன்னால் பூப்போட்ட தரையோடு.
சட்டென்று என் கையை உதறிவிட்டு நடந்தாள்.
பூவிலிருந்து பூவுக்கு,
கட்டத்திலிருந்து கட்டத்துக்கு,
பாண்டி ஆடுகிறவளைப் போல.
தையற்கடை, நகைக்கடை, பூட்டிக் கிடந்த ஏதோ ஒன்று.
நான் பின்னால் ஓடினேன்,
குடையை எங்கே விட்டேன் என்று தெரியாது.
சைக்கிள் கடைக்கு முன்னால்
வெறும் சிமெண்ட்.
நின்றுவிட்டாள்.

தானாக வருகிற வழி அடைபட்டாலும்
கண் வழியாக ஒரு சுற்றுப்பாதை உண்டாம்,
டாக்டர் பிறகு சொன்னார்.
வீடெங்கும் மஞ்சள் டேப் ஒட்டினேன்.
பெயிண்ட் அடிக்கப் போகிறீர்களா என்று
கீழ்மாடிக்காரர் கேட்டார்.
ஆமாம் என்றேன்.

டேப் இல்லாத இடத்தில்
என் வலது காலை
அவள் பாதத்துக்குக் குறுக்கே நீட்டுகிறேன்.
ஆளைத் தாண்டக்கூடாது என்று வளர்ந்தவள்,
முதல் நாள் முடியாது என்றுவிட்டாள்.
அம்மிமேல் வைக்க
அன்றைக்கு நான் பிடித்துத் தூக்கிய கால்.

நேற்று படகுத்துறை.
பின்னால் ஜனம், மோட்டார் சைக்கிள்கள், ஒரு கோழிக்கூண்டு.
பலகைக்கு முன்னால் உறைந்து நின்றாள்.
செருப்பைக் கழற்றிக் காலை வைத்தேன்.
ரொம்ப நேரம் அதையே பார்த்தாள்.
குரலும் இப்போது வெந்தயம்தான்,
குனிந்துதான் கேட்கவேண்டும்.

"நகத்தை வெட்டித் தொலை" என்றாள்.
தாண்டினாள்.