தோன்றா எழுவாய்

கூர்நோக்கு இல்லத்தின் பின்னறையில்
மின்விசிறி மூன்றாம் எண்ணில் மட்டும் சுற்றும்.
ஜன்னலைத் திறந்தால் சேர்வராயன் மலை,
மூடினால் சாம்பார் கொதிக்கிற வாசம்.
திறந்தே வைத்திருந்தேன்.

அவன் பெயரை எழுத எனக்கு அனுமதியில்லை.
பதினாறு வயது.
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
கொலுசுக்குச் சலங்கை பற்றவைத்த விரல்கள்,
நகக்கண்ணில் இன்னும் கரி.

இருசப்பன் அண்ணன் கதவோரம் ஸ்டூல் போட்டுக்
கேட்காதவர் போல உட்கார்ந்திருப்பார்.
முதல் நாளே சொன்னார்:
"இவனுக்கெல்லாம் எதுக்கு மேடம் கேள்வி?"
அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள்.
நான் பதில் சொல்லவில்லை.
சில இரவுகளில் எனக்கும் அதே கேள்விதான்.

படிவத்தில் இருபத்தைந்து கேள்விகள்.
பூஜ்யம், ஒன்று, இரண்டு.
பள்ளியை விட்டது: இரண்டு.
கோபம்: ஒன்று.
"உன்னை யாராவது?" என்பது பதினான்காவது.
பேனாவைத் திறந்து காத்திருந்தேன்.
ஒரு காரணம் கிடைத்தால்
அன்றைக்காவது தூங்கலாம்.
இல்லை என்றான்.
மூன்று வாரம் விட்டு வேறு விதமாகக் கேட்டேன்.
அப்போதும் இல்லை.
பூஜ்யம்.

கூட்டிப் பார்த்தால் 'மிதமானது' என்று வந்தது.
வானொலியில் மழைக்குச் சொல்கிற சொல்.
மிதமான மழையில்தான்
ஒரு ஐப்பசி இரவு
ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவில்
பாறை உருண்டது.

என்ன ஆச்சு, சொல்.
"நடந்துருச்சு, மேடம்."
எப்படி?
"அப்படி ஆயிப்போச்சு."
ஜவ்வரிசி மில்லிலிருந்து
முந்தானையில் மாவோடு வந்த அவன் அம்மா
"நேரம் சரியில்ல" என்றாள்.
கோப்பில்: 'செய்யப்பட்டதாகத் தெரியவருகிறது.'
பள்ளிக்கூட இலக்கண வகுப்பு ஞாபகம் வந்தது.
செய்தவர் இருப்பார்,
வாக்கியத்தில் இருக்கமாட்டார்.
இத்தனை பேர் சேர்ந்து
ஒரே ஒரு சொல்லை
ஒளித்துவைத்திருந்தோம்.

சிகிச்சை என்பது
செவ்வாயும் வெள்ளியும் பதினொரு மணிக்கு
அதைத் தேடுவது.
சில நாள் முறைப்பான்.
சில நாள் கேரம் ஆடலாமா என்பான்.
ஒரு நாள் நாற்காலியை உதைத்தான்,
கால் உடைந்தது, நாற்காலிக்கு.
ஒன்பதாம் வாரம்
"நான்" என்றான்.
அதோடு நின்றது.
சாப்பாட்டு மணி அடித்தது.
இருசப்பன் அண்ணன் எழவில்லை.
அவருக்குக் கேட்கவில்லையாம்.

மிச்ச வாக்கியம் வர இன்னும் இரண்டு வாரம்.
வந்தபோது சின்னதாக இருந்தது.
அவன் அழவில்லை.
நான் தட்டிக்கொடுக்கவில்லை.
தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினேன்,
அவ்வளவுதான்.

நீதிக் குழுமத்துக்கு அறிக்கை.
'மீண்டும் செய்யும் அபாயம்
குறைந்துவருவதாகக் கருதப்படுகிறது.'
யாரால்?
அடித்துவிட்டு எழுதினேன்:
நான் கருதுகிறேன்.
கை கொஞ்சம் நடுங்கியது.
பொய்த்தால், கீழே இருப்பது என் கையெழுத்து.

கோப்பைக் கட்டும்போது
முதல் உறையில் இருந்த அவள் தாளை எடுத்தேன்.
வயதை ஒருமுறைதான் வாசித்திருக்கிறேன்.
ஒன்பது வரி, பென்சிலில்.
ஒவ்வொன்றும் 'நான்' என்றே தொடங்குகிறது.
யாரும் கற்றுத்தரவில்லை.
'நான் அந்தத் தெரு வழியா இனிமே போகமாட்டேன்'
என்பது கடைசி.
அந்தத் தெருவில்தான்
அவள் பள்ளிக்கூடம் இருக்கிறது.