நூற்றிருபது தகடுகள்

லாரி வந்து இறக்கிவிட்டுப் போனது
நூற்றிருபது தகரத் தகடுகளை.
ஒவ்வொன்றின் ஓரத்திலும் சுரங்கக் கம்பெனியின் முத்திரை,
நீலத்தில், சின்னதாக,
கூரை ஏறிவிட்டால் ஆகாயம் மட்டும் வாசிக்கிற மாதிரி.

கிட்வேக்கு வடக்கே எங்கள் சபை.
செம்பு தோண்டும் ஊர்.
பாடகர் வரிசைக்கு நேர் மேலே கூரை ஒழுகும்.
ஆல்ட்டோ பெண்கள் நனைந்தபடியே பாடுவார்கள்.
மேளத்துக்கு நடுவே
பேசினில் விழும் சொட்டு
தன் கணக்குக்கு ஒரு தாளம் போடும்,
எப்போதும் அரை மாத்திரை பிந்தி.

நான் சபைச் செயலாளர், மினிட்ஸ் எழுதுகிறவள்.
அன்று எழுதியது இவ்வளவுதான்:
"தகடுகளை ஏற்பதா, வேண்டாமா. நீண்ட விவாதம்."

அந்த இரண்டு சொல்லுக்குள்
நான் அமுக்கி வைத்தவை:

மூப்பர் கபாசோ சொன்னார்,
தகரம் பாவம் செய்யாது ஐயா, மழை வருகிறது.
வாலிபர் சங்கத்து லெங்வே எழுந்தான்.
கழிவுக் குளத்தின் கரை உடைந்த அன்று
ஓடை முழுக்க மீன்கள்
வெள்ளை வயிறு காட்டி மிதந்தனவே,
அதன் விலையா இது?
யாரோ யூதாசின் காசை இழுத்தார்கள்.
பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்:
அதைக் காணிக்கைப் பெட்டியில் போடக் கூசினவர்கள் யார்?
எண்ணிக் கொடுத்த அதே கைகள்.
கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

அப்புறம் பொருளாளர் மெல்ல,
ரொம்ப மெல்ல,
கணக்கு நோட்டைத் திறந்தார்.
தசமபாகத்தில் நூற்றுக்கு எழுபது
சுரங்கச் சம்பளம்.
போதகர் வீட்டு மாவு மூட்டை,
எரிகிற இந்த விளக்கு,
நாம் உட்கார்ந்திருக்கிற பெஞ்சு.
தகட்டில் மட்டும் முத்திரை தெரிகிறது,
என்றார். மூடினார்.

என் புருஷனுக்கு அங்கேதான் இரண்டாம் ஷிப்ட்.
நான் பேனாவின் மூடியைத்
திருகிக்கொண்டே இருந்தேன்.

பனா கலாபா அதுவரை வாய் திறக்கவில்லை.
ஓடைக்கரையில் மக்காச்சோளம் போட்டவள்.
முழங்கால் உயரத்தில் கருகி நின்றது அவள் சோளம்,
அறுவடைக்கு நாள் குறித்த வாரத்தில்.
துணிப்பையிலிருந்து ஒரு பாட்டில் எடுத்தாள்.
ஓடைத் தண்ணீர்.
விளக்குக்கு முன்னால் வைத்தபோது
அதற்குள் லேசான பச்சை, பழைய பைசாவின் நிறம்.

"தகட்டை என்னவோ செய்யுங்கள்.
வருகிற ஞாயிறு என் கடைக்குட்டிக்கு ஞானஸ்நானம்.
இந்தத் தண்ணீரில் கொடுப்பீர்களா?
அதைக் கேட்கத்தான் வந்தேன்."

போதகர் கசெபா பாட்டிலைக் கையில் எடுத்தார்.
மூடியைத் திறக்கவில்லை.
கைமாற்றிப் பிடித்தார்.
மூப்பர்கள் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தார்கள்.

வெளியே வாசல் பலகையில்
"ஓடைத் தண்ணீர் சுத்தமானது" என்று
கம்பெனி தந்த நோட்டீஸ்.
ஒட்டினது நான்தான்.
நாலு மூலையிலும் பசை தடவி,
சுருக்கம் விழாமல், உள்ளங்கையால் நீவி.

மினிட்ஸில் எழுதினேன்:
"தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. ஜெபத்துடன் கூட்டம் முடிந்தது."
ஜெபத்தில் அவர் சொன்ன ஒரு வார்த்தையும்
எனக்கு நினைவில்லை.
பாட்டில் அவர் கையிலேயே இருந்தது.

ஞாயிறன்று அடைமழை.
கல்தொட்டி காலியாக இருந்தது.
போதகர் நடந்துபோய்
ஆல்ட்டோ வரிசையின் காலடியில் இருந்த
ஒழுக்கு பேசினைத் தூக்கி வந்தார்.
ஒரு துரும்பு மிதந்தது. விரலால் எடுத்துப் போட்டார்.
குழந்தை மூன்று முறையும் வீறிட்டது.
பனா கலாபா அழவில்லை, சிரிக்கவுமில்லை.
பாட்டிலை மட்டும் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

தகடுகள் இன்னும் முற்றத்தில்தான்.
அடியில் ஒரு கோழி முட்டையிட்டு அடைகாக்கிறது.
கபாசோ என்னிடம் பேசுவதில்லை,
லெங்வேயும்தான்.

நோட்டீஸை நான் கிழிக்கவில்லை.
போகும்போதும் வரும்போதும்
ஒரு மூலையை மட்டும்
நகத்தால் பெயர்த்து வைத்திருக்கிறேன்.