பத்துக் கிலோவுக்குக் கீழே

லாபிஸ் ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே
டயர்க்கடை எனக்கு.
காற்றடிக்கிற சத்தமும்
கடலடியில் மூச்சு இழுக்கிற சத்தமும்
கிட்டத்தட்ட ஒன்றுதான்.
வெள்ளி ராத்திரி கடையைச் சாத்தி
பழைய ஹைலக்ஸில் சிலிண்டர் ஏற்றி
மெர்சிங் போவேன்.
பன்னிரண்டு வருஷத்தில்
இந்த ஊர்க்காரர்கள் நாற்பத்தொரு பேர்
என் விரலைப் பிடித்துத்தான்
தண்ணீருக்குள் கண் திறந்தார்கள்.
நாற்பத்தொன்றாவது ஆள் குணாளன்,
செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி.

போன மார்ச் பள்ளி விடுமுறையில்
ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு
விமானம் மாறி, படகு மாறி
எங்கோ ஒரு தெற்குத் தீவு.
புலிச்சுறா பார்க்க.
கூண்டு கிடையாது. காசே அதற்குத்தான்.

படகில் ஒரு தாள் கொடுத்தார்கள்:
உயிருக்கும் உறுப்புக்கும் நானே பொறுப்பு.
ஒரே பேனாவைக் கைமாற்றிக் கைமாற்றிப்
போட்டுத் தள்ளினார்கள்.
குணாளன் மட்டும் படித்தான்.
லோரிச் சீட்டைப் படித்துப் படித்து வந்த பழக்கம்.
"அக்கா, இதுல உங்க பேரு எங்க?"
சிரித்துவிட்டு
அவன் இடுப்பில் ஈயக்கட்டியை இறுக்கினேன்.

சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன்.
கையைக் கட்டிக்கொள்.
முதுகைக் காட்டாதே.
அது கிட்டே வந்தால் கண்ணைப் பார், ஓடாதே.
சொல்லாதது ஒன்றுதான்.
இரைவாளி தூக்குகிற உள்ளூர்ப் பையனுக்கு
அன்று சளி, காது அடைப்பு.
கொடு தம்பி என்று நான் வாங்கிக்கொண்டேன்.
சூரைத் தலைகள். ஏழு கிலோ.
படம் நன்றாக விழட்டுமே என்று
குணாளன் பக்கம் இரண்டு முழம் நகர்ந்து
மூடியைத் திறந்தேன்.

வந்தது.
கோபமாக எல்லாம் வரவில்லை.
மாதக் கடைசியில் சந்தைக்கு வருகிறவள் போல
நிதானமாக, விலை விசாரிக்கிற முகத்தோடு,
வரிபோட்ட விலாவைத் திருப்பிக்கொண்டு.
குணாளன் கை நீட்டினான்.
விலக்கவா, தொடவா?
அவனுக்கே தெரியவில்லை என்கிறான்.
அந்த ஆழத்தில் சிவப்பு கிடையாது.
பச்சையாக எழும்பியது, புகை மாதிரி.

மூன்றாம் நாள் தீவுக்காரர்கள்
ஒரு சுறாவைக் கரைக்கு இழுத்துக் கிழித்தார்களாம்.
படம் அனுப்பினார்கள். வயிற்றில் ஒன்றுமில்லை.
எங்கள் சுறாவுக்கு வாலில் ஒரு வெட்டு இருந்தது.
இதற்கு இல்லை.

ஊரில் பேச்சு இரண்டாயிற்று.
கோப்பிக்கடையில்:
"கொழுப்பெடுத்துப் போனான், அனுபவிக்கட்டும்."
கோயில் கமிட்டியில்:
"கூட்டிட்டுப் போனவளைக் கேளுங்க."
கம்பெனிக்காரன் அந்தத் தாளை நகலெடுத்து அனுப்பினான்,
குணாளன் கையெழுத்தை மஞ்சளில் வட்டமிட்டு.
அவன் வலக்கையால் போட்ட
கடைசிக் கையெழுத்து அது.
வாளியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
ஏழு மாதம்
நானும் வாய் திறக்கவில்லை.

நேற்று ஆலைக்குப் போனேன்.
சிலிண்டர்களைப் பழைய இரும்புக்குப் போடப் போகிறேன்,
எடை பார்க்கணும் என்று ஒரு சாக்கு.
இடக்கையால் பொத்தானை அமுக்கினான்.
சட்டையின் மற்றக் கையை மடித்து
ஊக்கு குத்தியிருந்தது.
"இறங்குங்கக்கா. ஆளோட போடக் கூடாது."
இறங்கினேன்.

"குணா, அன்னிக்கு வாளி என் கையில இருந்துச்சு."

குலை ஏற்றிய லோரி ஒன்று பின்னால் வந்து நின்றது.
எஞ்சினை அணைக்கவில்லை.
"எவ்வளவு இருக்கும்?" என்றான்.
"ஏழு கிலோ."
திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"பத்துக் கிலோவுக்குக் கீழ
இந்த மேடைக்கு ஒண்ணும் தெரியாதுக்கா.
தூக்குனவங்கதான் சொல்லணும்."

சீட்டைக் கிழித்து நீட்டினான்.
அடியில் ஒரு கோடு: ஓட்டுநர் கையெழுத்து.
அவனிடமே பேனா வாங்கினேன்.
மை இறங்கவில்லை.
உள்ளங்கையில் இரண்டு தரம் கிறுக்கிப் பார்த்தேன்.
லோரிக்காரன் ஹாரன் அடித்தான்.
"எழுதும், அழுத்திப் போடுங்க" என்றான் குணாளன்.