இருபது சென் நகல்

ஆயர் கூனிங் டவுனில்
நாலு நம்பர் கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் நடுவே
என் ஃபோட்டோஸ்டாட் கடை.
பதிவிலாகா இங்கே இல்லை, தாப்பாவுக்குப் போகணும்.
போகிறவர்கள் முதலில் என்னிடம் வருவார்கள்:
மூன்று நகல், இரண்டு படம், ஒரு பிளாஸ்டிக் கோப்பு.

வெற்றிடமும் நன்றாக நகலாகும்.
பன்னிரண்டு வருஷத்தில் மெஷின் எனக்குச் சொன்னது இது.
எழுத்து மங்கினால் கறுப்பைக் கூட்டலாம்;
எழுதாத இடம்
மங்குவதே இல்லை.

எல்லப்பன் லாரியைச் சந்து வாயில் நிறுத்தி இறங்கினான்.
பின்னால் செம்பனைக் குலைகள், ஏழு டன்.
கூடவே லோஷினி, பள்ளிச் சீருடையில்.
அவளுடைய பிறப்புப் பத்திரத்தை
ஒன்பதாம் முறையாகக் கண்ணாடியில் கவிழ்த்தேன்.

தாய்: பெயர் உண்டு, சிவப்பு அட்டை எண்ணோடு.
தந்தை: தகவல் பெறப்படவில்லை.

தகவல் என் எதிரே நின்றுகொண்டிருந்தது,
கழுத்தில் துண்டு, சட்டைப்பையில் மூடியில்லாத பேனா,
வார் அறுந்த செருப்பைக் கம்பியால் கட்டிக்கொண்டு.

லோஷினியின் போனில் நாடாளுமன்றம்.
பிறப்புப் பதிவுச் சட்டத் திருத்தம்.
ஒருவர் எழுந்தார்:
கல்யாணம் ஆகாத அப்பன் பெயரையும் எழுதவிட்டால்
நாளைக்கு எவன் தாலி கட்டுவான்?
மேசையைத் தட்டினார்கள்.

‘கட்டினேனே’ என்றான் எல்லப்பன், போனைப் பார்த்து.
முனியாண்டி கோயிலில், வெள்ளிக்கிழமை, ஏழு மணிக்குள்,
எட்டு மணிக்கு வேலைக்கும் போயாச்சு.
கட்டியதைத் தாளில் ஏற்றவில்லை.
ஏற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை,
சொல்லியிருந்தால் ஒருநாள் சம்பளம்.

இன்னொருவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்:
தாயும் சேர்ந்து வந்து கையெழுத்திட்டால்
தந்தை பெயரை எழுதலாம் என்று ஏற்கெனவே இருக்கிறதே,
திருத்தம் எதற்கு?

லோஷினி சத்தத்தைக் குறைத்தாள்.
தாய் ஒன்பதாம் பிளாக்குக்குப் பின்னால்
சிமெண்டுப் பலகைக்குக் கீழே.
தாப்பா அவளுக்குத் தூரம்.

படம் காயட்டும் என்று உட்கார்ந்தார்கள்.
பேச்சு வேறெங்கோ தாவியது.
மின்னணு வாக்களிப்பாம்.
மை வேண்டாம், பெட்டி வேண்டாம்,
சிங்கப்பூரில் வேலை செய்பவன்
சாப்பிட்டுக்கொண்டே போடலாமாம்.
எவனாவது உள்ளே புகுந்து மாற்றிவிட்டால்?
மாற்ற முடியாது என்றார் அமைச்சர்,
இயந்திரம் ஆளைப் பார்க்காது,
விரலைத்தான் பார்க்கும்.

லோஷினி விரலைப் பார்த்துக்கொண்டாள்.
அடுத்த மாசம் பதினெட்டு.

எல்லப்பனுக்கு அவசரம்.
வெட்டிய குலை அன்றைக்கே மில்லுக்குப் போகணும்.
எடைப்பாலத்தில் சீட்டு தருவார்கள்,
எந்தத் தோட்டம், எந்த பிளாக், வெட்டியவன் எண்
எல்லாம் அதில் இருக்கும்.
‘பழத்துக்குக்கூட...’ என்று ஆரம்பித்தான்,
நிறுத்திவிட்டான்.
அந்தச் சபையில் சொல்லியிருந்தால்
மேசை தட்டியிருப்பார்கள். டீ குடிக்கப் போயிருப்பார்கள்.

‘அக்கா, மூடியைத் தூக்குங்க’ என்றாள்.
கையைக் கண்ணாடியில் வைத்தாள்.
‘அப்பா, நீங்களும்.’
துண்டில் துடைத்துவிட்டு அவனும் வைத்தான்.
பச்சை வெளிச்சம் இரண்டு கைக்கும் கீழே ஊர்ந்தது.

சூடாக வந்தது தாள்.
பெரிய கையில் முள் கீறிய தழும்புகள்,
சின்னக் கையில் மருதாணி மிச்சம்,
சுண்டுவிரல் இரண்டும்
ஒரே பக்கமாகக் கோணி.

‘ஒன்று போதுமா?’
‘மூணு. எல்லாத்துக்கும் மூணுதானே கேக்குறாங்க.’
அறுபது சென். வாங்கிக்கொண்டேன்.
கோப்பில் போட்டுக் கொடுக்கும்போது
எல்லோருக்கும் சொல்கிற மாதிரியே
வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது:
அசலையும் கேட்பாங்க,
மறக்காம எடுத்துட்டுப் போங்க.

சந்தில் யாரோ
லாரியை எடுக்கச் சொல்லி ஹாரன் அடித்தார்கள்.