ஏறுவதற்கு மட்டும்

இந்தக் கட்டடத்தில் லிஃப்டுக்குக் காசு போட வேண்டும்.
உண்டியல் மாதிரி ஒரு தகரப்பெட்டி,
அதன் வாயில் பத்து தேத்ரி.
ஏறுவதற்கு மட்டும்தான்,
இறங்குவது இலவசம் என்றார்
வீட்டுத் தரகர் வாக்தாங்,
ஊருக்கே அவர் செய்த உபகாரம்போல.

என்னிடம் இருந்ததெல்லாம் நூறு டாலர் தாள்கள்.
பெட்டி அவற்றைச் சட்டை செய்யவில்லை.
இருபத்து மூன்று கிலோவைத் தூக்கிக்கொண்டு
ஒன்பது மாடி ஏறினேன்.
ஆறாவது மாடியில் யாரோ வெங்காயம் வதக்கினார்கள்.
அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தேன்.

திபிலிசியில் யாரும் சும்மா சிரிப்பதில்லை.
கல்லூரிக்குப் போகும் வழியில்
நடைபாதையை ஒட்டி, என் கணுக்கால் உயரத்தில் ஒரு ஜன்னல்.
குனிந்தால் நிலவறை, அடுப்பு, அனல்.
மாவு படிந்த ஒரு கை மேலே நீண்டு
ஓடம்போல வளைந்த ரொட்டியைத் தரும்.
மூன்று வாரமாக வாங்குகிறேன்.
அந்தக் கையின் முகத்தைப் பார்த்ததில்லை,
கட்டைவிரலில் சூட்டுத் தழும்பு இருப்பது தெரியும்.

தெருநாய்களின் காதில் மஞ்சள் வில்லை.
ஊசி போட்டாயிற்று, பதிவு செய்தாயிற்று,
இஷ்டம்போல இருக்கலாம் என்று அர்த்தமாம்.
என் குடியிருப்பு அட்டை இன்னும் வரவில்லை.
சிக்னலில் பக்கத்தில் நின்ற பழுப்பு நாய்
பச்சை விளக்குக்குக் காத்திருந்து
என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு
தான் முதலில் கடந்தது.

உடற்கூறியல் வகுப்பில் வருகைப்பதிவு.
குழலி என்ற என்னை
நெஸ்தான் மேடம் 'குஜாலி' என்கிறார்,
மிகுந்த மரியாதையோடு.
'யெஸ் மேடம்' என்று எழுந்து நிற்கிறேன்,
உதட்டைக் கடித்துக்கொண்டு.
இதில் என்ன சிரிப்பு என்று கேட்க
நாற்பது பேரில் ஒரு ஆள் இல்லை.

இவர்கள் மொழியில் அம்மாவுக்கு 'தேதா'.
அப்பாவுக்கு 'மாமா'.
முதல் நாள் பாடத்தில் இதைச் சொல்லிக்கொடுத்ததும்
வகுப்பே சிரித்தது, நைஜீரியாவின் எபூபே உட்பட.
நான் மட்டும் நோட்டில் ஒருமுறை எழுதி, அடித்து,
மறுபடி எழுதினேன்.
வங்கியில் என் கடனுக்கு ஜாமீன் நின்றவர்
அப்பா இல்லை, மாமா.
அவர் கையெழுத்தில் பேனா மை திட்டாக ஊறியிருந்தது.
எங்கோ மலைக்கு நடுவே கிடக்கும் இந்த மொழிக்கு
அதை யார் போய்ச் சொன்னது?

நேற்று லிஃப்ட் நின்றுவிட்டது,
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில், கரண்ட் போய்.
உள்ளே நானும்
டயர் ஒன்றைத் தோளில் மாட்டிய ஒரு மனிதரும்.
இருட்டில் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்.
பிறகு ஃபோன் வெளிச்சம் போட்டு
டயரைத் தரையில் கிடத்தி
உட்கார் என்று கை காட்டினார்.
உட்கார்ந்தேன்.
அவர் நின்றுகொண்டே நெடுநேரம் என்னவோ சொன்னார்.
மின்வாரியத்தைத் திட்டியிருக்கலாம்,
மகள் கல்யாணமாகவும் இருக்கலாம்.
ஆங்கிலம் இங்கே செல்லாது என்றான பின்
அதை எதற்குச் சுமப்பானேன் என்று
தமிழிலேயே பதில் சொன்னேன்.
கடன், வட்டி, ஆறாவது மாடி வெங்காயம்,
நாய் என்னைப் பார்த்த பார்வை.
இந்த ஊருக்கு வந்து
என் குரலை நான் முழுசாகக் கேட்டது அப்போதுதான்.
தலையாட்ட வேண்டிய இடங்களில்
அவர் தலையாட்டினார்.

நாற்பது நிமிஷம் கழித்து விளக்கு வந்தது.
லிஃப்ட் அசையவில்லை.
பெட்டி பழையதை மறந்து
மறுபடியும் காசு கேட்டது.
அவர் சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாம் தடவினார்.
நான் போட்டேன்.

ஏழாவதில் டயரை உருட்டிக்கொண்டு இறங்கினார்.
ஒரு வார்த்தை சொன்னார்.
அகராதியில் தேடவில்லை.

ராத்திரி துணி ஊறப்போடும்போது பார்த்தேன்,
ஜீன்ஸின் பின்பக்கம்
பிறைபோலக் கறுப்பு.
இரண்டு தரம் சோப்புப் போட்டும்
போகவில்லை.